248 டாலர் டேஸ்டிங் மெனு: சிங்கப்பூர்ல நான் பட்ட பாடு

சிங்கப்பூர் போறவங்க யாராவது ஒரு நாள் மட்டும் பெரிய இடத்துல போய் ஏசியன் ஃப்யூஷன் டேஸ்டிங் மெனு சாப்பிட்டுப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டா, புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. போகாதீங்கன்னு சொல்ல வரல, நானே திரும்பப் போவேன். ஆனா எனக்கு 248 சிங்கப்பூர் டாலர்னு ஆரம்பிச்ச கதை, டாக்டர், டாக்சி எல்லாம் சேர்த்து விடியறதுக்குள்ள 570 டாலர் கிட்ட போய் நின்னுச்சு, நம்ம காசுக்கு 37,000 ரூபாய் பக்கம். காசை விடுங்க, உதடு வீங்கி, தனியா, தெரியாத ஊர்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு கிளினிக் தேடினது இருக்கே, அதுதான் இன்னும் மனசுல இருக்கு. இதெல்லாம் யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

ஆபீஸ் வேலையா போயிருந்தேன், வேலை முடிஞ்சு கடைசி ராத்திரி ஃப்ரீ, கூட யாரும் இல்ல. எனக்கு சாப்பாட்டு விஷயத்துல ரெண்டு கண்டிஷன் உண்டு. பீஃப் சாப்பிட மாட்டேன். இறால், நண்டு வகையறா அலர்ஜி, சின்ன வயசுலேர்ந்தே, வாயில பட்டாலே உதடு அரிக்க ஆரம்பிச்சிடும். மத்தபடி மீன், கோழி, ஆடு எதுவானாலும் ஓகே. இதை எதுக்கு இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, டேஸ்டிங் மெனுங்கிறது நீங்க ஆர்டர் பண்ற சாப்பாடு கிடையாது, ஷெஃப் முடிவு பண்ணி வச்ச எட்டு ஒம்பது ஐட்டம் வரிசையா வரும், நீங்க போய் உக்காந்து சாப்பிடணும், அவ்ளோதான். அதனால உங்க உடம்புக்கு எது ஆகும் எது ஆகாதுங்கிற பேச்செல்லாம் புக்கிங் அன்னிக்கே முடிஞ்சிடணும். உக்காந்த பிறகு பேசறதுக்கு பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது, ஏன்னா அந்த சாஸ் எல்லாம் மத்தியானமே கொதிச்சு வடிகட்டி ரெடியா இருக்கும்.

முதல்ல விலை. வெப்சைட்ல 248++ன்னு போட்டிருந்துச்சு. அந்த ரெண்டு ப்ளஸ்ல முதல் ப்ளஸ் 10% சர்வீஸ் சார்ஜ், ரெண்டாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரிலேர்ந்து அங்க 9%. இதுல கவனிக்க வேண்டியது, சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மேலதான் ஜிஎஸ்டி போடுவாங்க, அதனால 19% இல்ல, கிட்டத்தட்ட 20% ஏறும். 100 டாலர்னு பார்த்தா 119.90ன்னு மனசுல வச்சுக்கோங்க, கணக்கு சரியா இருக்கும். இந்த சர்வீஸ் சார்ஜ் வாங்கிட்டா டிப்ஸ் தனியா வைக்கணும்னு அங்க வழக்கம் இல்ல, மெஷின்ல டிப்ஸ் ஆப்ஷன் வந்தாலும் கூச்சப்படாம ஸ்கிப் பண்ணலாம். இன்னொண்ணு, டூரிஸ்ட்டுக்கு ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி திருப்பித் தருவாங்களேன்னு நினைக்காதீங்க, அது கடையில வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போற சாமானுக்கு மட்டும்தான். வயித்துல எடுத்துட்டுப் போறதுக்கு கிடையாது.

ஒரே ஒரு ஆளுக்கு டேபிள் கிடைக்கறதே பெரிய பாடு. பல இடத்துல ஆன்லைன்ல ரெண்டு பேர்லேர்ந்துதான் ஆரம்பிக்குது, ஒண்ணுன்னு போட்டா இடமே இல்லைன்னு காட்டும். மெயில் போட்டுக் கேட்டா சில இடத்துல கவுண்டர் சீட் தருவாங்க, அதாவது கிச்சன் முன்னாடி நீளமா இருக்கற மேடையில. தனியா போறவங்களுக்கு உண்மையிலேயே அதுதான் நல்ல சீட், சமைக்கறதை வேடிக்கை பார்க்கலாம், போனை நோண்டிக்கிட்டு உக்கார வேண்டாம். எனக்கு அப்படித்தான் கிடைச்சது. 100 டாலர் டெபாசிட் கார்டுல உடனே எடுத்துட்டாங்க, 72 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாம கேன்சல் பண்ணா டெபாசிட் போச்சு, வராமலே இருந்துட்டா முழு மெனு விலையும் எடுப்போம்னு கீழ குட்டி எழுத்துல இருந்துச்சு. ஃபிளைட் லேட்டானாலும் அவங்களுக்குக் கவலை இல்ல. அதனால இறங்கற அன்னிக்கே புக் பண்ணாதீங்க. கார்டுல நிஜமாவே காசு எடுக்கறாங்களா இல்ல சும்மா பிடிச்சு மட்டும் வைக்கறாங்களான்னும் பாருங்க, ரெண்டும் வேற வேற.

அந்த ஃபார்ம்ல கடைசியில 'உணவுக் கட்டுப்பாடு ஏதும் உண்டா'ன்னு ஒரு சின்ன கட்டம் இருந்துச்சு. "ஷெல்ஃபிஷ் அலர்ஜி, இறால் நண்டு வேண்டாம், பீஃப் வேண்டாம்"னு தெளிவா எழுதினேன். உடனே "உங்கள் குறிப்பைப் பெற்றுக்கொண்டோம்"னு ஒரு மெயில் வந்துச்சு. அது மெஷின் அனுப்பற மெயில்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. யாரோ ஒரு மனுஷன் படிச்சிட்டு "இந்த கோர்ஸ்ல இதுக்கு பதில் இதைத் தர்றோம், அந்த சாஸை இப்படி மாத்தறோம்"னு திருப்பி எழுதினாதான் அது பதில். அப்படி வரலைன்னா போன் பண்ணிக் கேளுங்க, தயக்கமே வேண்டாம், காசு குடுக்கறது நீங்க. இன்னொரு விஷயம், அந்த ஊர்ல பாக்கெட்ல விக்கற உணவுக்கு அலர்ஜி தர்ற பொருள் இருந்தா லேபிள்ல போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு, ஆனா ரெஸ்டாரன்ட்ல தட்டுல வர்றதுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அதனால மெனுவுல எழுதலைன்னா இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்க முடியாது.

சரி, எதுக்கு இவ்ளோ காசு குடுத்து இதைத் தேடிப் போனேன்னு கேப்பீங்க. சிங்கப்பூர்ல இந்தக் கலப்பு சமையல் இன்னிக்கு நேத்து வந்த ஃபேஷன் இல்ல. அங்க குடியேறின சீனக்காரங்களும் மலாய் சமையலும் கலந்து உண்டான நோன்யா சாப்பாடு எத்தனையோ தலைமுறையா இருக்கு. நம்ம ஆளுங்க பங்கும் உண்டு, அங்க ஃபேமஸான மீன்தலைக் குழம்பை 1949 வாக்குல கேரளாவுலேர்ந்து வந்த கோமெஸ்ங்கிற சமையல்காரர்தான் ஆரம்பிச்சு வச்சார்னு சொல்வாங்க, சீனக்காரங்க மீன் தலையை விரும்பிச் சாப்பிடறதைப் பார்த்து நம்ம மசாலாவுல போட்டுக் குடுத்திருக்கார். வில்லின் லோன்னு வக்கீல் வேலையை விட்டுட்டு சமைக்க வந்த ஒருத்தர் 2005ல வைல்ட் ராக்கெட்னு ரெஸ்டாரன்ட் திறந்து, ஹாக்கர் கடை, அதாவது அங்கத்திய சாதாரண சாப்பாட்டுக் கடை ருசியை எல்லாம் தட்டு அலங்காரத்தோட குடுக்க ஆரம்பிச்சார். அதுக்கு அப்புறம் இந்த மாதிரி நிறைய வந்தாச்சு. நான் போன இடமும் அந்த வழியில வந்ததுதான். பேரைச் சொல்லப் போறதில்ல, சொல்லி ஒண்ணும் ஆகப்போறதும் இல்ல, இது எந்த இடத்துலயும் நடக்கலாம்.

ராத்திரி எட்டு மணிக்கு சீட். ரெண்டரை மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க, எழுந்திரிக்கும்போது பதினொன்றரை தாண்டிடுச்சு. முதல் அரை மணி நேரம் ஒண்ணுமே வரல, தண்ணி மட்டும் வந்துச்சு. "ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா"ன்னு கேட்டப்போ ஸ்டில்னு சொன்னேன், அதுக்கு பில்லுல 8 டாலர் ப்ளஸ் ப்ளஸ் இருந்துச்சு. குழாய் தண்ணி கேக்கலாம், சிங்கப்பூர்ல குழாய் தண்ணி அப்படியே குடிக்கலாம், ஆனா சில இடத்துல தர மாட்டோம்பாங்க, அதையும் முதல்லயே கேட்டுக்கோங்க. அப்புறம் ட்ரிங்ஸ் பேரிங். நான் குடிக்கறதில்லைன்னு சொன்னதும் "நான்-ஆல்கஹாலிக் பேரிங் இருக்கு, ஒவ்வொரு கோர்ஸுக்கும் பொருத்தமா"ன்னாங்க, விலை சொல்லல, நான் கேட்டதும்தான் 78ன்னாங்க. கேட்டுட்டு வேண்டாம்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு, சரின்னுட்டேன். ஊலாங் டீ, ஏதோ பழச்சாறு, கொம்புச்சான்னு ஆறு கிளாஸ் வந்துச்சு, பாதி இனிப்பு, நாலாவது கிளாஸ்லயே வயிறு ரொம்பிடுச்சு. கொம்புச்சா புளிக்க வச்ச டீ, அதுல கொஞ்சூண்டு ஆல்கஹால் இருக்கும், மதக் காரணத்துக்காகத் தொடாதவங்க அதையும் கேட்டுக்கோங்க. சாஸ்ல சாகே, மிரின், சீன வைன் ஊத்தறதும் சர்வசாதாரணம். முஸ்லிம் நண்பர்கள் கவனிக்க வேண்டியது, இந்த மாதிரி பெரிய இடத்துல பலதுக்கு முயிஸ் (அங்க இருக்கற இஸ்லாமிய சமய மன்றம்) தர்ற ஹலால் சான்றிதழ் இருக்காது, 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை'ன்னு போர்டு இருந்தா அது ஹலால்னு ஆகாது.

சாப்பாடு எப்படின்னா, ஆரம்பம் அமர்க்களமாத்தான் இருந்துச்சு. பை டீன்னு சின்ன மொறுமொறு கிண்ணம், கட்டைவிரல் அளவுதான், உள்ள நண்டு இருக்க வேண்டிய இடத்துல எனக்கு மட்டும் பலாக்காய், மேல ஒரு துளி புளி ஜெல். ஒரே வாய்ல போட்டா முதல்ல ஓடு நொறுங்குது, அப்புறம் புளிப்பு, அப்புறம் பலாக்காய்ல ஏறின புகை வாசனை, கண்ணை மூடிட்டேன். ஆஹா, நம்ம அலர்ஜியை ஞாபகம் வச்சிருக்காங்கன்னு நம்பிக்கை வந்ததே அந்த ஐட்டத்தாலதான். அப்புறம் ஒரு குட்டி பீங்கான் கப்புல ரசம். ஆமா, ரசம்னே மெனுவுல போட்டிருந்துச்சு. ரெண்டு மடக்கு இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவு, மிளகு வாசனை சரியா வருது, ஆனா பின்னாடி ஏதோ கருவாட்டு வாசனை. கேட்டா டாஷி ஊத்தியிருக்காங்களாம், அதாவது காய வச்ச சூரை மீனைச் சீவி எடுக்கற ஜப்பான் சாறு. எனக்குப் பிரச்சனை இல்ல, ஆனா பக்கத்துல ஒரு வெஜிடேரியன் அம்மா உக்காந்திருந்தா 'ரசம்தானே'ன்னு வாங்கிக் குடிச்சிருப்பாங்க. காய்கறி கோர்ஸ்னு வர்றதுலயும் இந்த டாஷி இருக்கும், அதனால வெஜ்னு சொல்றவங்க 'மீன் சாறும் கூடாது, ஜெலட்டினும் கூடாது'ன்னு பிரிச்சுச் சொல்லணும்.

அஞ்சாவது கோர்ஸ்தான் வில்லன். கொடுவா மீன், தோல் மொறுமொறுன்னு, சுத்தி ஆரஞ்சு கலர்ல லக்சா சாஸ், அதாவது தேங்காய்ப்பால் ஊத்தின காரக் குழம்பு, டேபிள் முன்னாடி வந்து ஒரு சின்ன ஜக்குலேர்ந்து ஊத்தினாங்க. லக்சான்னதும் எனக்கு சந்தேகம் வந்துச்சு, ஊத்தின பையன்கிட்ட "இதுல இறால் இருக்கா"ன்னு கேட்டேன். "இல்ல சார், உங்க தட்டுல இறால் வைக்கலை, அலர்ஜி நோட் பண்ணியிருக்கோம்"னு சிரிச்சிட்டே சொன்னான். நம்பி ரெண்டு ஸ்பூன் எடுத்தேன். அந்த ருசியில ஏதோ தெரிஞ்ச வாசனை, ஒரு நொடி யோசிக்கறேன், உதட்டு ஓரத்துல அந்தப் பழைய அரிப்பு ஆரம்பிக்குது. அதே நேரம் தட்டு எடுக்கற பையன் ஒருத்தன், பக்கத்துல மலேசியாவுல இருக்கற ஜோகூர்லேர்ந்து தினம் பாலம் தாண்டி வேலைக்கு வர்ற தமிழ்ப் பையன்னு அப்புறம் தெரிஞ்சுது, குனிஞ்சு மெதுவா "அண்ணே, அந்தக் குழம்புல பெலாச்சான் இருக்குண்ணே, சாப்புடாதீங்க"ன்னான். பெலாச்சான்னா நம்ம சென்னாக்கூனி மாதிரி பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வச்சு இடிச்சுக் காய வச்ச கட்டி. லக்சா மசாலாவுல அதுவும் இருக்கும், காஞ்ச இறாலும் அரைச்சுப் போட்டிருப்பாங்க. தட்டுல இறால் இல்லைங்கிறது உண்மை, குழம்பே இறால்ங்கிறதும் உண்மை. அந்தப் பையன் மட்டும் சொல்லலைன்னா தட்டை வழிச்சிருப்பேன்.

நான் உங்களுக்கு சொல்ல நினைக்கறதுலயே முக்கியமானது இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். 'இறால் இருக்கா'ன்னு கேட்டா தட்டுல முழு இறால் இருக்கான்னுதான் அவங்க காதுல விழுது. நீங்க கேக்க வேண்டியது மசாலாவுல, சாஸ்ல, சாறுல, எண்ணெயில என்ன இருக்குன்னு. ஆசிய சமையல்ல இறால் ஒளிஞ்சிருக்கற இடங்களை ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேளுங்க: பெலாச்சான், அதையே தாய்லாந்துல கபின்னு சொல்வாங்க, காஞ்ச இறால், சம்பல், லக்சா பேஸ்ட், எக்ஸ்ஓ சாஸ் (அதுல காஞ்ச இறாலும் ஹாமும் ரெண்டுமே உண்டு, பன்றி சாப்பிடாதவங்களும் கவனிங்க), கொரியா கிம்ச்சி (பல வகையில உப்பிட்ட பொடி இறால் போடுவாங்க), அப்பளம் மாதிரி வர்ற கெரோபோக். இறால் பொரிச்ச எண்ணெயிலயே மத்ததையும் பொரிக்கறாங்களான்னும் கேக்கணும். 'நல்லா கொதிச்சிடுச்சு, ஒண்ணும் ஆகாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இறால் அலர்ஜிக்கு முக்கிய காரணம் டிரோபோமயோசின்ங்கிற புரதம், அது சூட்டுக்கு அசையாது. கோதுமை ஆகாதவங்களுக்கு சோயா சாஸ், வேர்க்கடலை ஆகாதவங்களுக்கு சாத்தே சாஸ், இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு லிஸ்ட் இருக்கும், அதை இங்கிலீஷ்ல டைப் பண்ணி போன்ல வச்சுக்கோங்க, பேசி விளக்கறதை விட காட்டறது சுலபம், அதையே கிச்சனுக்கு எடுத்துட்டுப் போய் ஷெஃப்கிட்ட காட்டச் சொல்லுங்க.

எனக்கு அன்னிக்கு மூச்சுத்திணறல் எதுவும் வரல, அது வரைக்கும் கடவுள் புண்ணியம். உதடு தடிச்சுது, கழுத்துல, கையில தடிப்பு தடிப்பா வந்துச்சு. பையில செட்ரிசின் இருந்துச்சு, போட்டேன். அது அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். தொண்டை அடைக்குது, குரல் மாறுது, மூச்சு இழுக்குது, தலை சுத்துதுன்னா மாத்திரையை நம்பி உக்காரக் கூடாது, அதுக்கு அட்ரினலின் ஊசிதான், டாக்டர் ஏற்கனவே எழுதிக் குடுத்திருந்தா அந்த ஊசியை ரூம்ல வச்சிட்டுப் போகாம கையிலயே வச்சிருங்க. சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸ் நம்பர் 995. அந்த நேரத்துல எனக்கு அந்த நம்பர் தெரியாது, ஏதோ நம்ம ஊர் 108 மாதிரி ஒண்ணு இருக்கும்னு மட்டும் மண்டையில ஓடுது, விரல் நடுங்குது. பாத்ரூம் கண்ணாடியில முகத்தைப் பார்த்துட்டு நின்ன அந்த அஞ்சு நிமிஷம் ரொம்ப பயந்துட்டேன், வீட்டுக்குப் போன் பண்ணலாமான்னு யோசிச்சேன், நம்ம ஊர்ல அப்போ ராத்திரி எட்டரை, சாப்பிட்டுட்டு இருப்பாங்க, எதுக்கு கிலி கிளப்பணும்னு விட்டுட்டேன்.

மேனேஜர் வந்தாங்க, ரொம்ப மன்னிப்பு கேட்டாங்க, கிச்சனுக்கு நோட் போச்சு, ஆனா 'ஷெல்ஃபிஷ்'னு மட்டும் போயிருக்கு, சாஸ் அடிப்படை மசாலாவுல இருக்கறதை யாரும் யோசிக்கலைன்னாங்க. மிச்ச கோர்ஸை கட்டி வீட்டுக்குத் தர முடியாதாம், உக்காந்தா தருவோம்னாங்க. உக்காந்தேன், ஏன்னா எழுந்து தனியா ரூமுக்குப் போறதை விட நாலு பேர் இருக்கற இடத்துல இருக்கறது பாதுகாப்புன்னு பட்டுச்சு. வாத்து வந்துச்சு, மாட்டுக்கு பதிலா, நல்லா இருந்துச்சுன்னு நினைக்கறேன், நாக்குல உணர்ச்சியே இல்ல. கடைசியில பாண்டன் ஐஸ்க்ரீம். இவ்ளோ காசு குடுத்த சாப்பாட்டுல பாதியை பயந்துகிட்டே விழுங்கினதுதான் எனக்கு ஆத்திரம்.

பில் வந்துச்சு. 248, பேரிங் 78, தண்ணி 8, மொத்தம் 334, சர்வீஸ் சார்ஜ் 33.40, ஜிஎஸ்டி 33.07, ஆக 400.47. இதுல லக்சா கோர்ஸுக்குன்னு ஒத்த காசு கழிக்கல. அதை விட, முன்னாடி எடுத்த 100 டாலர் டெபாசிட்டும் கழிக்கல. அரிச்சுக்கிட்டே பில்லைப் படிச்சதால கண்ணுல பட்டுச்சு. டெபாசிட் மெயிலை போன்ல காட்டினதும் "சாரி சார், சிஸ்டத்துல வரல"ன்னு மாத்தி 300.47 போட்டாங்க. தூக்கக் கலக்கத்துல, நாலு பேர் முன்னாடி பில்லைக் கூட்டிப் பார்க்க வெக்கப்படறவங்க நம்மள்ல நிறைய பேர், அந்த வெக்கத்துக்கு விலை 100 டாலர். கார்டு மெஷின்ல 'ரூபாயா சிங்கப்பூர் டாலரா'ன்னு கேட்டுச்சு, டாலரையே அமுக்குங்க, ரூபாய்ல போட்டா அவங்க வச்ச ரேட்டுதான், பெரும்பாலும் நமக்கு நஷ்டம். டாலர்ல போட்டாலும் என் கார்டுக்கு 3.5% மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு பேங்க் போடற கூடுதல் சார்ஜ்), அது மேல நம்ம ஊர் ஜிஎஸ்டி 18%, அதாவது 4.13% தண்டம், மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கறது வெளிநாடு போறவங்களுக்கு நல்லது.

வெளிய வந்தப்போ கை தடிப்பு குறையல. 24 மணி நேர கிளினிக் ஒண்ணு மேப்ல பார்த்து டாக்சி பிடிச்சேன். பன்னெண்டு மணி தாண்டினா அங்க மீட்டர் டாக்சியில 50% கூட, அது காலையில ஆறு மணி வரைக்கும், எம்ஆர்டி ரயிலும் நள்ளிரவோட பொதுவா முடிஞ்சிடும். அதனால லேட் சீட்டிங் எடுக்கறவங்க திரும்பற செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. போக வர 26 டாலர் ஆச்சு. கிளினிக்ல ஊசி போட்டு, திரும்ப ரியாக்‌ஷன் வரலாம்னு கொஞ்ச நேரம் உக்கார வச்சு, மாத்திரை குடுத்து 142 டாலர். அந்த டாக்டர் அம்மா ரொம்ப நிதானமா "லக்சாவா?"ன்னு கேட்டாங்க, இது அவங்களுக்குப் புதுசில்ல போல.

டிராவல் இன்சூரன்ஸ் இருந்துச்சு. க்ளெய்ம் போட பில் மட்டும் பத்தாது, என்ன நோய்னு டாக்டர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும்னு ஊருக்கு வந்த பிறகு கேட்டாங்க, நல்லவேளை கிளினிக் மெயில்ல அனுப்பி வச்சாங்க, நீங்க அங்கயே கேட்டு வாங்கிடுங்க. அலர்ஜி உங்களுக்கு முன்னாடியே இருந்தா 'ஏற்கனவே இருந்த நோய்'னு தட்டிக் கழிக்கவும் சில பாலிசியில இடம் இருக்கு, எடுக்கும்போதே படிச்சுப் பாருங்க. எனக்கு குடுத்தாங்க, ஆனா முதல் 100 அமெரிக்க டாலர் நம்ம பொறுப்புன்னு கண்டிஷன், அதைக் கழிச்சது போக வந்தது ரெண்டு பிரியாணிக்கு ஆகும். ரெஸ்டாரன்ட்டுக்கும் நடந்ததை வரிசையா, நேரம் போட்டு, கோபம் காட்டாம மெயில் எழுதினேன், கிளினிக் ரசீதையும் சேர்த்து. முதல்ல அடுத்த தடவை வந்தா டெசர்ட் இலவசம்னாங்க. அலர்ஜி நோட்டை எழுதின ஃபார்மோட ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பின பிறகு சத்தம் இறங்கிச்சு, அந்தக் கோர்ஸுக்கும் கிளினிக்குக்கும்னு 150 டாலர் கார்டுல திருப்பினாங்க, அதுவும் வந்து சேர வாரக்கணக்கா ஆச்சு. ஃபார்ம் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கற பழக்கம் எனக்கு ரயில் டிக்கெட்ல வந்தது, இங்க உதவிச்சு.

இவ்ளோ நடந்தும் இந்த மாதிரி சாப்பாடே ஏமாத்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்தப் பலாக்காய் ஒரு வாய்க்காகவே இன்னொரு இடம் போவேன், ஆனா மத்தியானம் போவேன். பல இடத்துல அதே கிச்சன், அதே ஷெஃப், லஞ்ச்ல கோர்ஸ் கம்மி, விலையும் நல்லா கம்மி. ஏதாவது ஒவ்வாம போனாலும் வெளிய வெளிச்சம் இருக்கும், கிளினிக் திறந்திருக்கும், ரயில் ஓடும். பேரிங் வேண்டவே வேண்டாம், ஒரு டீ போதும். காலையில டிஃபனை லைட்டா முடிச்சிட்டுப் போங்க, வெறும் வயித்தோட போனா பிரெட் வந்தா அதைத் தின்னே வயித்தை ரொப்பிடுவீங்க.

போன வருஷக் கடைசியில பாங்காக் போகற வேலை வந்துச்சு. அங்கயும் ஒரு இடம் பார்த்து வச்சு, டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடியே என் லிஸ்ட்டை மெயில்ல அனுப்பினேன், கபி, காஞ்ச இறால், எண்ணெய் எல்லாம் பேர் போட்டு. மறுநாளே சமையல்காரரே பதில் எழுதியிருந்தார், எங்க மெனுவுல பாதிக்கு மேல மசாலாவுல கபி இருக்கு, எடுத்துட்டா ருசி போயிடும், உங்களுக்கு சரியா செஞ்சு தர முடியாது, தயவுசெஞ்சு வராதீங்கன்னு. கூடவே இறால் படாம சமைக்கற வேற ஒரு கடையையும் சொல்லியிருந்தார், சாயங்காலம் அங்க போய் கோழி சோறு சாப்பிட்டேன்.